ரெக்ஸின் மைக்கில் கட்டிய கைக்குட்டை

மார்ச் 4, திங்கள்

என் பெயர் சவரிமுத்து. இந்த வரியை நானே எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. பரவாயில்லை.

மார்ச் 5, செவ்வாய்

இந்த டைரியை மகள் பிரெண்டா கோயம்புத்தூரிலிருந்து அனுப்பினாள். எழுபத்தாறு வயதில் அப்பா எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதற்குப் பரிசு. காலையில் பால் வாங்கப் போகும்போது வழியெல்லாம் படித்துக்கொண்டே போனேன். பெரம்பூரில் எத்தனை பெயர்ப்பலகைகள்! இத்தனை காலமும் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நின்றிருக்கின்றன. ஒரு மருந்துக் கடையின் பலகையை முழுதாகப் படித்து முடித்தபோது கடைக்காரர் வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றேன்.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 7, வியாழன்

புத்தகத்தைப் பற்றி எழுத வேண்டும். மூன்று நாளாக அதற்காகத்தான் கையைப் பழக்கினேன்.

போன வருடம் இளம்பரிதி என்ற கல்லூரி வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தாடி வைத்த, நல்ல பிள்ளை. செருப்பைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்தார். எமிலிக்கு அதிலேயே பிடித்துப்போயிற்று. எமிலி என் மனைவி. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

இளம்பரிதி எங்கள் ரெக்ஸைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதன் பெயர் ‘கறுப்புக் கண்ணாடிப் புயல்’. ரெக்ஸ் என்பவன் ராயப்பன். எழுபதுகளில் ‘மெட்ராஸ் ஹரிக்கேன்ஸ்’ என்ற ராக் குழுவில் பாடியவன். தமிழில் ராக் பாடிய முதல் ஆள் அவன்தான் என்று புத்தகத்தில் இருக்கிறது. முதல் ஆளா என்று எனக்குத் தெரியாது. சத்தமான ஆள். எனக்குத் தெரியும், ஏனென்றால் அவனுக்கு மைக்செட் போட்டவன் நான். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம், ரெக்ஸ். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே ஆம்பிளிஃபயர்தான்.

அந்தப் புத்தகத்தில் பெயர் சொல்லாமல் ஒரு பெண் வருகிறாள். ரெக்ஸின் மைக்கில் எப்போதும் ஒரு சிவப்புக் கைக்குட்டை கட்டியிருக்கும். அதைக் கொடுத்த பெண். அவள் எமிலிதான் என்பது புத்தகம் அச்சான பிறகே இளம்பரிதிக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாம் பதிப்பில் அவள் சொல்வதையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்.

எமிலி புத்தகத்தை வாங்கி ஒரே மூச்சில் படித்தாள். நடுவில் இரண்டு முறை சிரித்தாள். அடுத்த வாரம் இளம்பரிதி வந்தபோது என்னைக் காட்டிச் சொன்னாள். “இவர் படிச்சு முடிக்கட்டும். அப்புறம் பேசறேன்.”

“ஐயாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னீங்களேம்மா.”

“ஆமா,” என்றாள் எமிலி.

மறுநாள் வீட்டுக்கு ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகம் வந்துவிட்டது.

மார்ச் 9, சனி

இளம்பரிதி அடிக்கடி ஃபோன் செய்வார். எப்போதும் ஒரே கேள்விதான். ஐயா, இப்ப எந்தப் பக்கம்? பாவம், அவருடைய இரண்டாம் பதிப்பு என் விரலுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று கறுப்புக் கண்ணாடி அத்தியாயத்தை முடித்தேன். ரெக்ஸ் ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டானாம். உலகத்தின் அவலத்தை வெறும் கண்ணால் பார்க்கச் சகிக்காத கலைஞனாம். படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன்.

அவனுக்கு மெட்ராஸ் ஐ வந்திருந்தது. முதல் பெரிய கச்சேரி அன்றுதான் கண் இரண்டும் தக்காளி மாதிரி சிவந்துவிட்டது. டிரம்ஸ் வாசிப்பவனின் மாமாவிடம் இரவல் வாங்கிய கண்ணாடி அது. பெண்பிள்ளைகள் பார்த்து விசில் அடித்தார்கள். கண் சரியான பிறகும் அவன் அதைக் கழற்றவில்லை. மேடை ஏறும்போதெல்லாம் நான் கையைப் பிடித்து ஏற்றிவிடுவேன். இல்லாவிட்டால் கதவு நிலையில் இடித்துக்கொள்வான். மாமா கடைசிவரை கண்ணாடியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மார்ச் 12, செவ்வாய்

‘ஞ’ என்ற எழுத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்காது.

மார்ச் 14, வியாழன்

இன்று ரத்தம் வருகிற அத்தியாயம். ஒரு கல்லூரி விழாவில் ரெக்ஸ் தன் கிட்டாருக்குத் தானே தீ வைத்தானாம். வெள்ளைச் சட்டையில் ரத்தம் வழிய வழிய கடைசிப் பாட்டைப் பாடி முடித்தானாம்.

நடந்தது வேறு. அன்று பாட்டு நடுவில் கரண்ட் போய்விட்டது. பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுவந்து கிட்டார் பக்கத்தில் வைத்தார்கள். திரைச்சீலை பற்றி, அதிலிருந்து கிட்டாரின் வாரும் பற்றிக்கொண்டது. பக்கத்தில் தண்ணீர் இல்லை. கேன்டீன்காரர் ஒரு அண்டா நிறைய ரோஸ் மில்க் வைத்திருந்தார். நான் அதைத் தூக்கி ஊற்றினேன். கிட்டார் மேல் பாதி விழுந்தது, ரெக்ஸ் மேல் பாதி. அந்தக் கிட்டாரில் ரொம்ப நாள் ரோஜா வாசனை வந்தது. எறும்பும் வந்தது.

ஆனால் அவன் பாடி முடித்தது நிஜம். மைக் இல்லை, கரண்ட் இல்லை. சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. அந்தத் தொண்டையை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடினான். கேன்டீன்காரர் சண்டை போட வந்தவர், அண்டாவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். இதைப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிட்டது. நானாக இருந்தால் இதை நிறைய எழுதியிருப்பேன், ரத்தத்தைக் குறைத்திருப்பேன்.

மார்ச் 17, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்தோம். சங்கரா மீன் குழம்பு. எமிலி தூங்குகிறாள். அவள் என் டைரியை எடுத்து, சிவப்புப் பென்சிலால் பிழை திருத்துகிறாள் என்பதை நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, டீச்சர் கையில் நோட்டு கிடைத்தால் சும்மா இருக்குமா என்றாள். ஆகையால் இதில் ரகசியம் ஒன்றும் எழுத முடியாது. என்னிடம் ரகசியமும் இல்லை.

எமிலி அந்தக் காலத்தில் பெரம்பூர்ப் பக்கம் நடந்த எல்லா ஹரிக்கேன்ஸ் கச்சேரிக்கும் வருவாள். முன் வரிசையில் உட்கார மாட்டாள். ஹாலின் ஓரத்தில் என் ஆம்பிளிஃபயர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். அங்கிருந்து ரெக்ஸின் முதுகும் பாதிக் காதும்தான் தெரியும். ஆம்பிளிஃபயர் சூடாகாமல் இருக்க நான் அங்கே ஒரு மேசை மின்விசிறி வைத்திருப்பேன். அந்தக் காற்றுக்காக அங்கே உட்காருவாள்.

மார்ச் 18, திங்கள்

நேற்று எழுதியதில் ‘மின்விசிறி’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அகராதி எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். மருந்துக் கடைக்காரரிடமும் காட்டினேன். அவரும் சரி என்றார். எமிலியிடம் கேட்டால், எழுத்தில் பிழை இல்லை என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

எழுத்தில் பிழை இல்லை என்றால் எதற்குக் கேள்விக்குறி? வயதாகிறது அவளுக்கு.

மார்ச் 21, வியாழன்

இளம்பரிதி ஃபோன். ஏப்ரல் இருபதாம் தேதி ரெக்ஸ் நினைவு விழா நடத்தப் போகிறார்களாம். ரெக்ஸ் முதலில் பாடிய அதே ஹால். விழாவில் எமிலி மேடைக்கு வந்து, ஒரு மைக்கில் சிவப்புக் கைக்குட்டையைத் தன் கையால் கட்ட வேண்டுமாம். கட்டிவிட்டு ரெக்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை. அதற்கு முன் நான் புத்தகத்தை முடித்தாக வேண்டும்.

எமிலி ஃபோனை வாங்கி, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். முடியாது என்று சொல்லவில்லை.

அந்தக் கைக்குட்டை யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்று எனக்கு எப்போதோ தெரியும். இது ஒன்றும் புது விஷயம் இல்லை. ஊருக்கே தெரியும். நாற்பத்தாறு வருடம் நல்லபடி குடும்பம் நடத்தியாயிற்று. ஆனால் ஹால் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அவள் மேடையில் நின்று ஆமாம் என்று சொல்வாள். அப்போது நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்காருவது?

சும்மா கேட்டேன். விழாவில் டீ கொடுப்பார்களாம்.

மார்ச் 23, சனி

கைக்குட்டை அத்தியாயம் அடுத்தது. ஆனால் முதல் அத்தியாயம் சரியாக மனதில் நிற்கவில்லை. திரும்ப முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். அவசரமாகப் படித்தால் படிப்பு நிற்காது.

எமிலி தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அதைத் தொட்டதே இல்லை. சிவப்புத் துணி வாங்கிவந்திருக்கிறாள்.

மார்ச் 26, செவ்வாய்

சாம்பாரில் உப்பு அதிகம். சொன்னேன். எமிலி ருசி பார்த்து, நேற்று இருந்த மாதிரிதான் இருக்கிறது என்றாள். நேற்றும் அதிகம்தான் என்றேன்.

நாள் முழுக்கச் சிவப்புத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. எனக்கு என்ன வந்தது.

மார்ச் 29, பெரிய வெள்ளி

கஞ்சி. சிலுவைப்பாதை. வீட்டில் பேச்சு இல்லை. ரெக்ஸின் சாவைப் பற்றிய கடைசி அத்தியாயத்தை முன்னால் தாவிப் படித்துவிட்டேன். கைக்குட்டையைத் தாண்டித் தாவினேன். அப்படிப் படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ரெக்ஸ் கிட்டாரோடு கடலுக்குள் நடந்து போனான் என்று இருக்கிறது. இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் அரசு ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையில் செத்தான். கல்லறை காசிமேட்டில், கடலுக்குப் பக்கம். கதையில் கடல் அவ்வளவுதான். அவன் குடித்தது நிஜம். கச்சேரி முடிந்ததும் எல்லாரும் போய்விட்டால் அவன் முகம் மாறிவிடும். நான் ஒயரைச் சுருட்ட வருவேன். என் கையைப் பிடித்துக்கொள்வான்.

“ஆம்பிளிஃபயரை அணைக்காத சவரி. அது கொஞ்ச நேரம் பேசட்டும்.”

பாட்டு இல்லாதபோது அந்தக் காலத்து ஆம்பிளிஃபயர் உம் என்று முனகும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் அவனால் சாப்பிட முடியும், தூங்க முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என் கடைக்கு வந்து மேசைக்கு அடியில் படுத்துக்கொள்வான். வியாபாரம் இல்லாவிட்டாலும் நான் ஆம்பிளிஃபயரைப் போட்டு வைப்பேன். கைதட்டலுக்கு ஏங்கிய கலைஞன் என்று புத்தகம் சொல்கிறது. கைதட்டினால் அவனுக்குக் கூச்சம். அவனுக்கு வேண்டியிருந்தது அந்த முனகல்.

ஆஸ்பத்திரி வார்டில் சத்தமே இல்லை. எமிலி ஒரு யோசனை சொன்னாள். எங்கள் சின்ன ரேடியோவை எடுத்துப்போய், எந்த ஸ்டேஷனும் வராத இடத்தில் முள்ளை நிறுத்தி, தலையணைக்கு அடியில் வைத்தேன். தூங்கினான்.

இளம்பரிதி எழுதியதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன் நடந்தது இது. ஒரு ராக் பாடகன் கடலுக்குள் போனால்தான் நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கைக்குட்டை அத்தியாயம் படித்தேன். முழுதும்.

‘அந்தச் சிவப்புக் கைக்குட்டை ஒரு காதலின் கொடி. அதைத் தந்தவளோ, பின்னாளில் பெயர் தெரியாத ஒரு சாதாரண மனிதரை மணந்துகொண்டாள். அன்றிலிருந்து ரெக்ஸ் குடியில் மூழ்கினார்.’

சாதாரண என்பது சுலபமான சொல். கூட்டிப் படிக்கவே தேவையில்லாமல் பார்த்த உடனே படிக்க வந்துவிட்டது.

பெயர் தெரியாத என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் கடைப் பலகையில் ‘சவரி சவுண்ட் சர்வீஸ்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்ததாம். எமிலி சொல்லியிருக்கிறாள். நான் படித்ததில்லை.

ரெக்ஸ் எங்கள் கல்யாணத்துக்கு ரொம்ப முந்தியே குடித்தான். கல்யாணத்தன்றும் குடித்தான். குடித்துவிட்டு எங்களுக்காகப் பாடினான். மைக் கத்தியபோது, மாப்பிள்ளைக் கோட்டோடு ஓடிப்போய் அதைச் சரிசெய்தது நான்தான்.

ஏப்ரல் 3, புதன்

கைக்குட்டை எப்படி மைக்குக்குப் போனது என்று எழுதிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பிளக்கைத் தலைகீழாகச் செருகினால் மைக்கில் ஷாக் அடிக்கும். கொஞ்சமாகத்தான் அடிக்கும், ஆனால் உதட்டில் அடிக்கும். பாட்டு நடுவில் பிளக்கைத் திருப்ப முடியாது. அதனால் மைக்செட்காரர்கள் கையில் கிடைத்த துணியை மைக்கின் தலையில் கட்டிவிடுவோம்.

கிறிஸ்துமஸ் கச்சேரி. எனக்குப் பயங்கர வேர்வை. எமிலி எழுந்து என் மேசைக்கு வந்து ஒரு சிவப்புக் கைக்குட்டையை நீட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. அதே நேரத்தில் மேடையிலிருந்து ரெக்ஸ் என்னைப் பார்த்துக் கத்தினான், “டேய் சவரி, உதட்டுல அடிக்குதுடா.” அவன் படும் பாட்டைப் பார்த்து இரக்கப்பட்டுக் கொடுக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். வாங்கி ஓடிப்போய் மைக்கில் கட்டினேன். திரும்பி வந்தபோது அவள் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அது ராசியான கைக்குட்டை என்று ரெக்ஸ் அதற்கப்புறம் கழற்றவே விடவில்லை. ஊர் மீதியைச் சேர்த்துக்கொண்டது.

இதைப் படித்துவிட்டு எமிலி என்ன திருத்துவாள் என்று பார்ப்போம்.

ஏப்ரல் 4, வியாழன்

ஒரு திருத்தமும் இல்லை. ‘இரக்கப்பட்டு’ என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் பென்சில் முனை உடைந்த அடையாளம். இளம்பரிதியை வரச் சொல்லி அவளே ஃபோன் செய்துவிட்டாள்.

ஏப்ரல் 6, சனி

மெதுவாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

இளம்பரிதி நாலு மணிக்கு வந்தார். எமிலி மிக்சரும் டீயும் வைத்தாள். நான் ரோஸ் மில்க், மெட்ராஸ் ஐ, ரேடியோ எல்லாவற்றையும் சொன்னேன். ரோஸ் மில்க்குக்கு இளம்பரிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரேடியோவைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு, கடலை எடுத்துவிடுகிறேன் ஐயா என்றார்.

பிறகு எமிலி பக்கம் திரும்பினார். “அம்மா, அந்தக் கைக்குட்டையை ரெக்ஸுக்கு எந்த எண்ணத்துல குடுத்தீங்க?”

நான் மிக்சர் தட்டில் கடலை பொறுக்கினேன்.

“அவனுக்கு எங்க குடுத்தேன்? இவருக்குல்ல குடுத்தேன்.”

இளம்பரிதி என்னைப் பார்த்தார். நான் கடலையைப் பார்த்தேன்.

“மூஞ்சி பூரா வேர்வை. கையில ஒரு அழுக்குத் துணி. அதாலயே துடைச்சிட்டிருந்தார், தம்பி. பாக்கச் சகிக்கல. ஒரு வாரம் உக்காந்து ஓரம் தைச்சு எடுத்துட்டுப் போனேன். வாங்கினார். ஏன்னு கேக்கல. நேரா போய் மைக்குக்குக் கட்டிவிட்டுட்டு வந்துட்டார்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. மெட்ராஸே அந்தக் கைக்குட்டையைப் பாத்துச்சு. நான் ஃபேன் பக்கத்துல உக்காந்திருந்தேன்.” என் பக்கம் திரும்பினாள். “காத்துக்காக.”

அந்தக் கேள்விக்குறி எதற்கென்று அப்போது புரிந்தது. இளம்பரிதி எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். நல்ல பிள்ளை.

நான் கேட்டேன், “ஒரு தடவை சொல்லியிருக்கலாமே எமிலி?”

“ஒரு தடவை கேட்டிருக்கலாமே நீங்க. எங்க அத்தையை உங்க வீட்டுக்குச் சம்பந்தம் பேச அனுப்பினது யாருன்னு நினைச்சிட்டிருக்கீங்க?”

பங்குச் சாமியார் அனுப்பினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தச் சனிக்கிழமைவரை.

“கேட்டா நீ அவனைச் சொல்லிடுவியோன்னு இருந்தேன்.”

“தெரியும். புத்தகத்துல நம்ம சமாச்சாரம் இருக்குதுன்னா, வாயால கேக்காட்டியும் படிச்சாவது தெரிஞ்சுக்கப் பாப்பீங்கன்னு தோணிச்சு. அது இல்லாட்டி இந்த ஜென்மத்துல நீங்க எழுத்துக் கூட்டியிருப்பீங்களா?”

உள்ளே போய் அந்தச் சிவப்புத் துணியை எடுத்துவந்தாள். நாலு ஓரமும் அடித்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. இளம்பரிதி, விழாவில் மைக்கில் கட்டத்தானே அம்மா என்று கேட்டார்.

“மைக்குல கட்ட வேற ஏதாச்சும் துணி பாத்துக்குங்க தம்பி. இது மைக்குக்கு இல்ல. அதுவும் மைக்குக்கு இல்ல.”

என் கையில் கொடுத்தாள். “இந்தத் தடவையாவது மூஞ்சியைத் துடைங்க.”

ஏப்ரல் 7, ஞாயிறு

சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. அதே சாம்பார்தான், நேற்று வைத்தது.

ஏப்ரல் 12, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். துடைக்க மனம் வரவில்லை. எமிலி பார்த்துவிட்டு, இன்னொரு நாற்பத்தாறு வருடம் ஆகுமா என்று கேட்டாள்.

ஏப்ரல் 20, சனி

விழா. ஹால் நிறைந்துவிட்டது. எல்லாம் சின்ன வயதுப் பிள்ளைகள். ரெக்ஸ் இறந்தபோது இவர்களின் அப்பாக்களே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஒருவன் கதவு நிலையில் இடித்துக்கொண்டான். ராயப்பா, நீ பார்த்திருக்க வேண்டும்.

இளம்பரிதி ரேடியோவைப் பற்றிப் பேசினார். ஹால் அமைதியாகிவிட்டது. பிறகு ரோஸ் மில்க்கைச் சொன்னார். கூரை அதிரும்படி சிரித்தார்கள். இரண்டையும் கேட்ட பிறகும் அவர்கள் ரெக்ஸைக் கைவிடவில்லை. முன்னைவிடச் சத்தமாக அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.

எமிலி மேடை ஏறவில்லை. எங்கள் இருவருக்கும் முதல் வரிசையில் வெல்வெட் நாற்காலி போட்டு, பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். திருமதி எமிலி சவரிமுத்து. திரு. சவரிமுத்து. இரண்டையும் நானே படித்தேன். ஆனால் எனக்கு முன் வரிசை பழக்கம் இல்லை. பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து, ஓரத்தில் சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்த மேசைக்குப் போய்விட்டேன். அதை வைத்திருந்தவர் எனக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார். இந்தக் காலத்து ஆம்பிளிஃபயர் முனகுவதே இல்லை. காதை வைத்துப் பார்த்தேன். சுத்தமான அமைதி. ரெக்ஸுக்குப் பிடித்திருக்காது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. எமிலி. அங்கிருந்து பாடுகிற பிள்ளையின் முதுகும் பாதிக் காதும்தான் தெரிந்தது.

ஹால் முழுக்க ஏ.சி. போட்டிருந்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் மின்விசிறி எதுவும் இல்லை. நான் நன்றாகச் சுற்றிப் பார்த்தேன்.

வேர்க்கவில்லை. ஆனாலும் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.